படகு மோட்டார் ஏன் நின்றது?

கன்னியாகுமரிக் கரையோர ஊர்களிலும், மன்னார் வளைகுடாவின் இரு கரைகளிலும் மீன்பிடித்துத் திரும்பும் சிறு படகுகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவற்றுள் பலவற்றின் பின்பலகையில் ஓர் எஞ்சின் தொங்கிக்கொண்டிருக்கும். அதன் தலைப்பகுதி மேலே இருக்கும்; புரொப்பெல்லர் நீருக்குள் சுழலும். இதுவே அவுட்போர்டு மோட்டார். அமெரிக்காவில் ஓலே எவின்ரூட் என்பவர் 1909-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த மோட்டார்தான் இவ்வகை எஞ்சின்களைப் பரவச் செய்தது. தூக்கிச் செல்லலாம், படகில் மாட்டலாம், கழற்றலாம் என்பதே இதன் சிறப்பு.

கரையில் மோட்டார் நின்றால் அது ஒரு தொல்லை. கடலில் நின்றால் அது ஆபத்து. நீரோட்டம் மணிக்கு 2 கி.மீ. வேகத்தில் இழுப்பதாகக் கொள்வோம். பழுது பார்க்க 3 மணி நேரம் ஆனால் படகு 6 கி.மீ. விலகிப் போயிருக்கும். பாக் நீரிணை போன்ற குறுகிய கடலில், 1974-ஆம் ஆண்டு உடன்படிக்கையால் வகுக்கப்பட்ட எல்லைக் கோட்டைத் தாண்டிவிடவும் கூடும். ஆகவே பழுதை விரைவாகக் கண்டுபிடிப்பது கையின் திறமை மட்டும் அன்று. அறிவின் திறமையும் ஆகும். நீங்கள் வகுப்பில் படித்த இயற்பியல் இங்கு எவ்வளவு பயன்படுகிறது என்று பார்ப்போம்.

எரிபொருள் செல்லும் பாதை

சிறிய இரு வீச்சு மோட்டார் ஒன்றை எடுத்துக்கொள்வோம். படகின் அடித்தளத்தில் 25 லிட்டர் தொட்டி ஒன்று இருக்கிறது. அதன் மூடியில் காற்று புகுவதற்கு ஒரு சிறு திருகு உண்டு. தொட்டிக்குள் இறங்கும் குழாயின் நுனியில் ஒரு சல்லடை. அங்கிருந்து ரப்பர்க் குழாய் எஞ்சினுக்குப் போகிறது. குழாயின் இடையில், கைக்குள் அடங்கும் ரப்பர்க் குமிழ் ஒன்று இருக்கும். குமிழின் இரு முனைகளிலும் ஒருவழி வால்வுகள் உள்ளன. ஆகவே குமிழை அழுத்தினால் பெட்ரோல் எஞ்சின் பக்கம் மட்டுமே செல்லும். விட்டால் தொட்டியிலிருந்து புதிய பெட்ரோல் வந்து குமிழை நிரப்பும்.

குழாயின் மறுமுனை ஓர் இணைப்பியால் எஞ்சினில் மாட்டப்படுகிறது. அதன்பின் வடிகட்டி, பம்ப், கார்புரேட்டர் என்று பாதை தொடர்கிறது. பம்ப்புக்குள் மெல்லிய சவ்வு ஒன்று உண்டு. எஞ்சினின் பிஸ்டன் மேலே போகும்போது கீழுள்ள கிராங்க் அறையில் அழுத்தம் குறைகிறது. கீழே வரும்போது கூடுகிறது. இந்த ஏற்ற இறக்கம் சவ்வை முன்னும் பின்னும் அசைத்துப் பெட்ரோலைச் செலுத்துகிறது. பம்ப்பை இயக்கத் தனி மோட்டார் தேவையில்லை.

கார்புரேட்டரின் அடியில் ஒரு சிறு மிதவை அறை இருக்கிறது. வீட்டு நீர்த்தொட்டியில் நீர் நிறைந்ததும் மிதவை எழும்பிக் குழாயை மூடுவதைக் கண்டிருப்பீர்கள். இங்கும் அதே முறைதான். பெட்ரோல் நிறைந்ததும் மிதவை ஓர் ஊசி வால்வை மூடிவிடும். இந்த அறையிலிருந்து ஜெட் எனப்படும் மிக நுண்ணிய துளை வழியே பெட்ரோல் காற்றோடு கலக்கிறது.

உறிஞ்சுகிறதா, தள்ளுகிறதா?

பம்ப் பெட்ரோலை உறிஞ்சுகிறது என்று சொல்லுகிறோம். உண்மையில் பெட்ரோலை மேலே தள்ளுவது வளிமண்டல அழுத்தமே. பம்ப் தன் பக்கத்தில் அழுத்தத்தைச் சற்றுக் குறைக்கிறது. தொட்டியில் பெட்ரோலின் மேல் அழுத்தும் காற்று அதைக் குழாய்க்குள் தள்ளுகிறது. கார்புரேட்டரிலும் இப்படித்தான். குறுகிய கழுத்தில் காற்று விரைந்து செல்லும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. மிதவை அறையிலுள்ள காற்றழுத்தம் பெட்ரோலை ஜெட் வழியே தள்ளுகிறது.

வளிமண்டலம் சுமார் 10 மீட்டர் உயர நீர்த்தம்பத்தைத் தாங்க வல்லது. பெட்ரோலின் ஒப்படர்த்தி ஏறத்தாழ 0.74. ஆகவே பெட்ரோலை 50 செ.மீ. உயர்த்துவது நீரை 37 செ.மீ. உயர்த்துவதற்குச் சமம். இது வளிமண்டல அழுத்தத்தில் ஏறத்தாழ இருபத்தெட்டில் ஒரு பங்குதான். மிக எளிய வேலை! ஆனால் காற்று தொட்டிக்குள் புக வழி இருக்கவேண்டும்.

காற்றுத் திருகைத் திறக்க மறந்தால் என்ன ஆகும்? தொட்டியில் 20 லிட்டர் பெட்ரோலும் 5 லிட்டர் காற்றும் இருப்பதாகக் கொள்வோம். 1 லிட்டர் பெட்ரோல் செலவானதும் அந்த 5 லிட்டர் காற்று 6 லிட்டராக விரியவேண்டும். பாயில் விதிப்படி காற்றின் அழுத்தம் ஆறில் ஐந்தாகக் குறையும். தொட்டியில் பெட்ரோல் ஆவியும் கலந்திருப்பதால் மொத்த அழுத்தத்தில் குறைவு இந்த அளவை எட்டாது. ஆயினும் சிறிய பம்ப்புக்கு அது பெரிய தடை. எனவே மோட்டார் சில நிமிடங்கள் நன்றாக ஓடி, பின் திணறி நின்றுவிடும். மூடியைத் தளர்த்தினால் 'உஸ்' என்ற ஒலியுடன் காற்று உள்ளே பாயும். மோட்டார் மறுபடி ஓடும். பழுது ஒன்றுமே இல்லை. ஒரு திருகுதான் காரணம்.

வரிசையாகக் கேட்க வேண்டிய கேள்விகள்

பாதையில் எட்டுப் பத்து உறுப்புகள் இருக்கின்றன. ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தால் பொழுது போய்விடும்; கழற்றிய இடத்தில் புதுப் பழுதும் சேரும். ஒவ்வொரு கேள்வியாலும் பாதையின் ஒரு பகுதியை விலக்கிக்கொண்டே வருவதுதான் சிறந்த வழி. பழுது எங்கே இல்லை என்று அறிவது, அது எங்கே இருக்கிறது என்று அறிவதில் பாதி ஆகும்.

1. குறை எரிபொருளிலா, தீப்பொறியிலா? விளக்கை அணைத்ததுபோல் மோட்டார் சட்டென்று நின்றால் பெரும்பாலும் மின்பக்கத்தில் குறை. பாதுகாப்புக் கயிறு கழன்றிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். திணறித் திணறி, வேகம் குறைந்து நின்றால் எரிபொருளைச் சந்தேகிக்கலாம். சிலமுறை கயிற்றை இழுத்தபின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் ஐயம் தீரும். பிளக் உலர்ந்திருந்தால் பெட்ரோல் வந்து சேரவில்லை. நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது. வேறு இடத்தில் தேடவேண்டும்.

2. தொட்டியில் பெட்ரோல் இருக்கிறதா? காற்றுத் திருகு திறந்திருக்கிறதா? குழாய் எங்காவது மடிந்தோ, பெட்டிக்கு அடியில் நசுங்கியோ கிடக்கிறதா? இணைப்பி நன்றாகப் பொருந்தியிருக்கிறதா? இவற்றுக்குக் கருவி எதுவும் வேண்டாம், கண்ணே போதும்.

3. ரப்பர்க் குமிழ் என்ன சொல்லுகிறது? இது பாதையின் நடுவில் இருப்பதால் நல்ல சாட்சி. மோட்டார் ஓடும்போது குமிழ் தட்டையாக ஒட்டிப்போனால், தடை குமிழுக்கும் தொட்டிக்கும் இடையில் இருக்கிறது: மூடிய திருகு, அடைபட்ட சல்லடை, நசுங்கிய குழாய். எத்தனை முறை அழுத்தினாலும் குமிழ் இறுகாமல் தொளதொளவென்று இருந்தால், தொட்டிப் பக்கத்தில் எங்கோ காற்று புகுகிறது, அல்லது குமிழின் வால்வு கெட்டிருக்கிறது. கார்புரேட்டரிலிருந்து பெட்ரோல் வழிந்தால் ஊசி வால்வு மூடவில்லை என்று பொருள். குமிழைச் சோதிக்கும்போது அதன்மேல் உள்ள அம்புக்குறி எஞ்சினை நோக்கியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

4. மோட்டார் திணறும்போது குமிழை அழுத்தினால் தேறுகிறதா? தேறினால், குமிழுக்கு அப்பால் பாதை திறந்திருக்கிறது. ஜெட்டும் வேலை செய்கிறது. பம்ப்பின் வேலையை உங்கள் கை செய்துவிட்டது. ஆகவே பம்ப்பின் சவ்வு கிழிந்திருக்கலாம், அல்லது பம்ப்புக்கு முன்னால் காற்றுக் கசிவோ தடையோ இருக்கலாம். கடலில் இவ்வாறு குமிழை அழுத்திக்கொண்டே மெதுவாகக் கரைசேர முடியும்.

5. மிதவை அறையில் பெட்ரோல் இருக்கிறதா? அறையின் அடியிலுள்ள வடிதிருகைத் தளர்த்தி, ஒரு கண்ணாடிக் குப்பியில் பிடிக்கவேண்டும். குமிழ் இறுகியிருந்தும் ஒன்றும் வராவிட்டால், வடிகட்டி அடைபட்டிருக்கும், அல்லது ஊசி வால்வு மூடியபடி சிக்கியிருக்கும். பெட்ரோல் தாராளமாக வந்தால், எஞ்சியிருப்பது ஜெட் மட்டுமே. மெதுவாக ஓடி, வேகம் கூட்டினால் நின்றால் பெரிய ஜெட்டைப் பாருங்கள். வேகத்தில் ஓடி, மெதுவாக விட்டால் நின்றால் சிறிய ஜெட்டைப் பாருங்கள். ஜெட்டை இரும்புக் கம்பியால் குத்தக் கூடாது. பித்தளைத் துளை பெரிதாகிவிட்டால் கலவையின் அளவு என்றைக்கும் மாறிவிடும். காற்றை ஊதியே சுத்தம் செய்யவேண்டும்.

குப்பியில் தெரியும் உண்மை

அந்தக் குப்பியைச் சிறிது நேரம் அசையாமல் வையுங்கள். அடியில் தெளிவான கோட்டுடன் தனிப்படலம் தெரிந்தால் அது நீர். நீர் பெட்ரோலைவிட அடர்த்தி மிக்கது. எனவே கீழே தங்கும். தொட்டியிலும் அப்படியே. உறிஞ்சு குழாய் தொட்டியின் அடிவரை நீள்வதால், முதலில் அதனுள் நுழைவது நீர்தான்!

இன்றைய இந்தியப் பெட்ரோலில் எத்தனால் கலக்கப்படுகிறது. எத்தனால் நீரோடு எளிதில் சேரும். சிறிதளவு நீர் வந்தால் அது கலந்து மறையும். அளவு மீறினால் நீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து அடியில் இறங்கிவிடும். ஈரக் காற்று வீசும் கடற்கரையில் பெட்ரோலை மாதக்கணக்கில் வைத்திருக்கக் கூடாது என்பதற்கு இது ஒரு காரணம். நாளானால் பெட்ரோலின் இலேசான பகுதி ஆவியாகி, பிசின் போன்ற பொருள் ஜெட்டில் ஒட்டிக்கொள்வது இன்னொரு காரணம்.

இரு வீச்சு மோட்டாரில் மசகு எண்ணெயும் பெட்ரோலோடு கலந்தே வருகிறது என்பதை மறக்கக் கூடாது. பெட்ரோல் குறைந்தால் எண்ணெயும் குறையும். திணறும் மோட்டாரை வற்புறுத்தி முழு வேகத்தில் ஓட்டினால் பிஸ்டன் சூடேறி, சிலிண்டரோடு இறுகிவிடலாம். சிறு அடைப்பு பெருஞ்செலவாகிவிடும்.

எச்சரிக்கை

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. அது பறந்து போகாமல் படகின் அடியில் தேங்கும். ஒரு தீப்பொறி போதும். ஆகவே இச்சோதனைகளைப் பெரியவர் ஒருவர் உடனிருக்க, மோட்டார் ஆறியபின், திறந்த வெளியில்தான் செய்யவேண்டும். பெட்ரோலை வாயால் உறிஞ்சி எடுக்கவே கூடாது. கடலில் மோட்டார் நின்றால், ஆழம் இடங்கொடுக்குமானால் முதலில் நங்கூரம் இறக்கவேண்டும்; பிறகுதான் பழுதைத் தேடவேண்டும். படகு ஓரிடத்தில் நின்றால் மனமும் நிதானமாகச் சிந்திக்கும்.

செய்து பாருங்கள்

கெட்டியான கண்ணாடிக் குப்பியின் மூடியில் துளையிட்டு ஓர் உறிஞ்சு குழலைச் செருகுங்கள். துளையைச் சுற்றி மெழுகு உருக்கி அடையுங்கள். குப்பியில் முக்கால் பங்கு குடிநீர் ஊற்றி, மூடியை இறுக்குங்கள். இப்போது நீரை உறிஞ்சிப் பாருங்கள். ஒரு மிடறுக்குமேல் வருகிறதா? மூடியைச் சற்றுத் தளர்த்தி மறுபடி உறிஞ்சுங்கள். என்ன வேறுபாடு?

சிந்தியுங்கள்

1. காற்றுத் திருகு மூடியிருக்கும்போது, தொட்டி நிறைந்திருந்தால் மோட்டார் விரைவில் நிற்குமா, பாதி காலியாக இருந்தால் விரைவில் நிற்குமா? பாயில் விதியைக் கொண்டு விடை காணுங்கள்.

2. தொட்டியை எஞ்சினைவிட உயரத்தில் வைத்துவிட்டால் பம்ப்பே வேண்டாம் அல்லவா? பின் ஏன் படகின் அடித்தளத்தில் வைக்கிறார்கள்? படகு நிலைத்து நிற்பதையும், கசிவு ஏற்பட்டால் என்ன ஆகும் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

3. குமிழ் தட்டையாகிவிட்டது, காற்றுத் திருகு திறந்திருக்கிறது, தொட்டியில் பெட்ரோல் நிறைய இருக்கிறது. அடுத்து எங்கே பார்ப்பீர்கள்?