நுரையும் நம் தோலும்

சென்ற ஆண்டு எங்கள் விடுதியில் ஒரு பயம் பரவிற்று. ஷாம்பு நுரைப்பதற்குச் சேர்க்கும் சோடியம் லாரில் சல்பேட் என்னும் பொருள் புற்றுநோய் தரும் என்று யாரோ வீட்டிலிருந்து செய்தி கொண்டுவந்தனர். நான்கைந்து பேர் தலைக்குக் குளிப்பதையே தள்ளிப்போட்டோம். சிஸ்டர் கோபிக்கவில்லை, "முதலில் படித்துப் பாருங்கள், பிறகு பயப்படலாம்" என்றார்கள். அவ்வாறு படித்து அறிந்ததை இங்கே எழுதுகிறோம்.

தலையிலுள்ள எண்ணெயோடு தண்ணீர் சேராது. இந்தச் சல்பேட்டின் மூலக்கூறுக்கு ஒரு முனை தண்ணீரை நாடும். நீண்ட வாலோ எண்ணெயை நாடும். வால்கள் எண்ணெய்த் துளியைச் சூழ்ந்து பற்றிக்கொள்ள, அலசும் நீர் அதை இழுத்துச் செல்கிறது. நுரை என்பது அதில் அகப்பட்ட காற்றே. அழுக்கை எடுப்பது நுரையன்று. (இதை அறிந்த பின்னும் நுரை போதாதென்று எங்களில் பலர் இரண்டு முறை தேய்க்கிறோம்!)

புற்றுநோய்ப் பேச்சு 1990களின் இறுதியில் மின்னஞ்சல் வழியே உலகெங்கும் சுற்றியது. அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் அதை மறுத்தது. ஆயினும் இது குறையே இல்லாத பொருளன்று. தோலுக்கு உரிய எண்ணெயையும் சேர்த்தே எடுத்துவிடும். அதனால் வறட்சியும் அரிப்பும் உண்டாகும். தோல் மருத்துவ ஆய்வுகளில் தோலை வேண்டுமென்றே உறுத்திப் பார்ப்பதற்கு இதையே பூசுகிறார்களாம்! அளவும் நேரமுமே இங்கு முக்கியம். அழகுசாதனப் பொருள்களை ஆராயும் அமெரிக்க வல்லுநர் குழு, தேய்த்தவுடன் நன்றாக அலசிவிடும் பொருள்களில் இது பாதுகாப்பானது என்றும், தோலிலேயே தங்கும் பொருள்களில் நூற்றுக்கு 1 பங்கைத் தாண்டலாகாது என்றும் 1983ல் கூறிற்று.

இதற்குத் தங்கை போன்றது சோடியம் லாரெத் சல்பேட். தோலுக்குச் சற்று மென்மையானது. ஆனால் இதைத் தயாரிக்கும்போது 1,4-டையாக்சேன் என்னும் வேண்டாத பொருள் சிறிதளவு உண்டாகலாம். அது புற்றுநோய் விளைவிக்கக்கூடியவற்றின் வரிசையில் உள்ளது. ஆலையிலேயே அதைப் பெரும்பாலும் நீக்கிவிட முடியும். நியூயார்க் மாநிலம் 2023 இறுதியிலிருந்து ஷாம்பு போன்றவற்றில் அதற்குப் பத்து லட்சத்தில் 1 பங்கு என வரம்பு விதித்துள்ளது. பெயர்கள் ஒன்றுபோல் ஒலிப்பதால் பயமும் குழம்பிப்போயிற்றோ என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

சீயக்காயில் நுரைப்பது சபோனின். அதுவும் கண்ணில் பட்டால் எரியும், பாட்டிமார் அறிவார்கள்.

எங்களில் ஒருத்திக்கு நெற்றியோரம் தோல் உரிந்து எரிந்தது. மணியடிக்குமுன் ஓட வேண்டுமென்று அரைகுறையாக அலசி வந்தவள் அவள். இப்போது ஷாம்புவைப் பாதியாகக் குறைத்து, ஒரு வாளித் தண்ணீர் கூடுதலாக ஊற்றுகிறாள். எரிச்சல் நின்றுவிட்டது. சனிக்கிழமைத் திருப்பலிக்குத்தான் சற்றுத் தாமதமாக வருகிறாள். சிஸ்டர் கண்டும் காணாததுபோல் இருக்கிறார்கள்.