‘இரத்தத் திலகம்’ – போர்க்காலக் காதலின் ஈர்ப்பு

போரையும் காதலையும் ஒருசேரக் காட்டும் திரைப்படங்கள் நம் உள்ளத்தை ஏன் இவ்வளவு ஈர்க்கின்றன? இவ்வினா எனக்குள் எழுந்தது கூமாப்பட்டியில், எங்கள் வீட்டில். விடுமுறையில் ஒருநாள் தொலைக்காட்சியில் ‘இரத்தத் திலகம்’ பார்த்துக் கொண்டிருந்தோம். அறுபது ஆண்டுகளுக்கு முன் டூரிங் கொட்டகையில் மணலில் அமர்ந்து அப்படத்தைப் பார்த்தவர் என் அப்பத்தா. “அவன் அவளை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல!” என்றார். அந்த ஒரு வார்த்தையே இக்கட்டுரைக்குக் கரு.

1962 அக்டோபர் 20ஆம் நாள் மூண்ட இந்திய–சீனப் போர் ஒரு திங்களில் ஓய்ந்தது. அதன் சூடு ஆறுமுன், 1963இல் தாதா மிராசி இயக்கத்தில் இப்படம் வெளிவந்தது. குமாராகச் சிவாஜி கணேசனும் கமலாவாகச் சாவித்திரியும் நடித்தனர். கல்லூரித் தோழர்களான இருவரிடையே அன்பு மலர்கிறது. பின்னர் கமலா சீனம் செல்கிறாள். குமார் படையில் சேர்கிறான். பகைவர் பக்கம் சேர்ந்தவளாகத் தோன்றும் கமலா, உண்மையில் தாய்நாட்டுக்காகவே உழைக்கிறாள். குமாரோ அவளை ஐயுறுகிறான்.

போர்க்காலப் பிரிவு நம் இலக்கியத்திற்குப் புதிதன்று. 103 அடிகளில் நப்பூதனார் பாடிய முல்லைப்பாட்டு, தலைவி காத்திருக்கும் மனையையும் தலைவன் துயிலாதிருக்கும் பாசறையையும் அடுத்தடுத்துக் காட்டுகிறது. அங்கே இருவரையும் பிரிப்பது தொலைவு மட்டுமே, ஐயம் இல்லை. என் தாத்தாவும் படைவீரர். 1962இல் அவரிடமிருந்து கடிதமே வராத நாள்களில் ஊர் ஏதேதோ பேசியதாம். “நான் ஒண்ணையும் நம்பலை” என்பார் அப்பத்தா. தாத்தா திரும்பி வந்தபின் இருவரும் சேர்ந்து பார்த்த படம் இது.

திரையிலோ தொலைவோடு ஐயமும் சேர்கிறது. அமைதிக் காலத்தில் காதலரின் பிணக்கை நாளை பேசித் தீர்க்கலாம். போர் அந்த ‘நாளை’யைப் பறித்துவிடுகிறது. இதுவே இவ்வகைப் படங்களின் ஈர்ப்புக்கு அடிப்படை என்பது என் கருத்து. இருவரும் ஷேக்ஸ்பியரின் ‘ஒதெல்லோ’ நாடகக் காட்சியை நடிப்பதும் பொருளற்றதன்று. குற்றமற்ற மனைவியை ஐயுற்றுக் கொன்றவனின் கதையல்லவா அது! கண்ணதாசன் எழுத, டி.எம். சௌந்தரராஜனும் பி. சுசீலாவும் பாடிய கல்லூரிப் பிரிவுப் பாடலைக் கேட்கையில் நம் நெஞ்சு கனப்பதும், மீண்டும் காண்போமா என்னும் அதே அச்சத்தால்தான்.

திரைக்கு வெளியே நடந்த ஒன்றையும் இங்குக் கூறியாக வேண்டும். அப்போரையொட்டி, இந்தியாவில் வாழ்ந்த சீன வம்சாவளியினர் ஏறத்தாழ 3,000 பேர் இராசத்தானத்தின் தேவ்லி முகாமில் அடைக்கப்பட்டனர். அவர்களில் பலர் இம்மண்ணிலேயே பிறந்தவர்கள். சிலர் ஆண்டுக்கணக்கில் அடைபட்டுக் கிடந்தனர். எந்த விசாரணையும் இல்லை. கமலாவைத் தவறாக எண்ணிவிட்டானே என்று கண்ணீர் விட்ட நாடு, இவர்களையும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

நண்பர்களே, இத்தகைய படம் நம்மை அழவைப்பதோடு நின்றுவிடலாகாது. ஊர் பேசுவதைக் கேட்டு ஒருவரை வெறுக்குமுன், அவரிடமே ஒரு வார்த்தை கேட்கும் பண்பை அது நமக்குத் தருமாயின், அதுவே அப்படத்தின் உண்மையான வெற்றி.