அசல் அட்டையை அறிவது எப்படி?

கேள்வி: இங்கிலாந்தின் பழைய சிகரெட் பெட்டிகளில் வந்த கால்பந்து வீரர் அட்டைகளைச் சேர்க்க ஆசை. அசலா, மறுபதிப்பா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: நல்ல ஆசை. மெல்லிய காகிதப் பெட்டிக்குள் சிகரெட் நசுங்காமலிருக்க வைத்த அட்டைகள்தான் இவை. போர்க்காலக் காகிதத் தட்டுப்பாட்டால் 1940-இல் நின்றுபோயின. 1938-இல் சர்ச்மேன் நிறுவனம் வெளியிட்ட 50 வீரர்கள் கொண்ட வரிசையிலிருந்து தொடங்கலாம்.

இருட்டறையில் அட்டையின் மேல் புற ஊதா விளக்கை அடித்துப் பாருங்கள். காகிதத்தை வெளுப்பாகக் காட்டும் ரசாயனம் போருக்குப் பிறகுதான் பரவலானது. ஆகவே அட்டை நீலமாகப் பளிச்சென்று ஒளிர்ந்தால் வாங்காதீர்கள். ஒளிராவிட்டாலும் உடனே நம்பிவிட வேண்டாம். பூதக்கண்ணாடியில் அச்சையும் ஓரங்களையும் பாருங்கள். பின்புறத்தைக் கட்டாயம் திருப்பிப் பார்க்க வேண்டும். அந்தக் காலச் சிறுவர்கள் பலர் ஆல்பத்தில் ஒட்டிவிட்டார்கள். பிய்த்தெடுத்த அட்டையில் எழுத்து உரிந்திருக்கும், விலையும் பாதியாகக்கூட இறங்கும். எனக்கென்னவோ, மூலை மழுங்கினாலும் பின்பக்கக் குறிப்பு முழுசாக இருக்கும் அட்டையே மேல்.

வாங்கியதும் பிவிசி கலக்காத உறையில் போடுங்கள். லேமினேட் மட்டும் செய்துவிடாதீர்கள், அட்டை பாழாகிவிடும்.