கண்மாயும் கணினிக் கொத்தும்

*மேனிலைத் தேர்வு முடிவு வெளியாகும் காலையில் தமிழகமெங்கும் இலட்சக்கணக்கான விரல்கள் ஒரே நேரத்தில் ஒரே பக்கத்தைத் திறக்கின்றன. அத்தனை பேருக்கும் விடை தரும் கணினிகள் எவ்வாறு இணைந்து இயங்குகின்றன? ஒன்று பழுதானால் மற்றொன்று எவ்வாறு தாங்குகிறது? நம் ஊர்க் கண்மாயைச் சான்றாகக் கொண்டு இதனை அறிவோம்.*

கண்மாய் கற்பிக்கும் பாடம்

மதுரையிலிருந்து திண்டுக்கல் செல்லும் சாலையில், வைகைச் சமவெளியில் அமைந்த ஊர் சமயநல்லூர். இச்சமவெளியின் உழவு கண்மாய்களை நம்பியது. மழைநீரும் ஆற்றுநீரும் கண்மாயில் தேங்கும். மடைகள் வழியே வாய்க்கால்களில் இறங்கி வயல்களை அடையும். எந்த மடையை எப்போது திறப்பது, எந்த வயலுக்கு எவ்வளவு பாய்ச்சுவது என்பதை நீர்பாய்ச்சி முடிவு செய்வார். வாய்க்கால் ஒன்று உடைந்தால் நீரை வேறு வாய்க்காலில் திருப்பிவிடலாம். ஆனால் கண்மாயின் கரை உடைந்தால் ஊரின் ஓராண்டு உழைப்பே அழிந்துவிடும். ஆகவேதான் நம் முன்னோர் வாய்க்காலைவிடக் கரையின்மீது மிகுந்த கவனம் செலுத்தினர்.

இணையச் சேவையும் இத்தகையதே. நாம் கேட்கும் வினாவை ஏற்று விடையை ஆக்கித் தருவது வழங்கிச் செயலி. அது வாய்க்கால் போன்றது. விடைக்குரிய செய்திகளைச் சேர்த்து வைத்திருப்பது தரவுத்தளம். அது கண்மாய் போன்றது. பல கணினிகளை இணைத்து ஒரே கணினிபோல் இயங்கச் செய்யும் தொகுதியைக் கொத்து என்பர். அத்தொகுதியைத் தேவைக்கேற்ப இணையம் வழியே பெற்றுப் பயன்படுத்தும் முறையே மேகக் கணிமை.

பெருகும் செயலி

கூட்டம் மிகுந்தால் செயலியின் நகல்களைப் பெருக்கலாம், குறைந்தால் நிறுத்தலாம். ஆயின், இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. எந்த நகலும் எதனையும் தன்னிடமே வைத்துக்கொள்ளக் கூடாது. முதல் நகலில் உள்நுழைந்த மாணவியின் அடுத்த வினா மூன்றாம் நகலுக்குச் செல்லக்கூடும். அவர் உள்நுழைந்த விவரம் முதல் நகலிடம் மட்டுமே இருந்தால், மூன்றாம் நகல் அவரை அயலாராகவே கருதும். எனவே நினைவில் நிற்க வேண்டிய அனைத்தும் செயலிக்கு வெளியே, எல்லா நகல்களும் அணுகும் பொதுவிடத்தில் இருத்தல் வேண்டும்.

தரவுத்தளத்தின் முகவரி, கடவுச்சொல் முதலியவற்றையும் நிரலுக்குள் எழுதிவைத்தல் தகாது. அவற்றைத் தனி அமைவாக வெளியே வைத்தால், சோதனைக் களத்திலும் உண்மைக் களத்திலும் அதே நிரலை மாற்றமின்றி இயக்கலாம். கடவுச்சொல்லும் நிரலைப் படிப்போர் அனைவர் கண்ணிலும் படாது.

நகல்களைக் கண்காணிக்கும் நீர்பாய்ச்சியும் கொத்தில் உண்டு. குபர்நெட்டிஸ் என்னும் மென்பொருள் அவற்றுள் புகழ்பெற்றது. ஒவ்வொரு நகலும் இயங்குகிறதா, வேலைக்கு ஆயத்தமாக உள்ளதா என்று அது அடிக்கடி வினவும். விடையளிக்காத நகலை நீக்கிப் புதியதை எழுப்பும். எவ்வாறு வினவ வேண்டும், எவ்வளவு நேரம் பொறுக்க வேண்டும் என்பதை நாமே அமைத்துத் தர வேண்டும். காத்திருப்பு நேரம் மிகக் குறைவாயின், தொடங்கிக்கொண்டிருக்கும் நல்ல நகலையும் அது கொன்றுவிடும்.

> தெரியுமா?
> குபர்நெட்டிஸ் என்பது கிரேக்கச் சொல். கப்பலின் சுக்கானைப் பிடித்துச் செலுத்துபவர் என்பது இதன் பொருள். கூகுள் நிறுவனம் இதனை 2014ஆம் ஆண்டு திறந்த மூல மென்பொருளாக வெளியிட்டது.

பெருக்க இயலாத கண்மாய்

மடைகளைக் கூட்டுவதால் கண்மாயில் நீர் பெருகாது. போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தளம் இயல்பாக ஏற்கும் இணைப்புகள் 100. அவற்றுள்ளும் 3 மேலாளருக்கென ஒதுக்கப்பட்டவை. செயலியின் ஒரு நகல் 20 இணைப்புகளைப் பிடிக்கும் எனக் கொள்வோம். நான்கு நகல்கள் 80 இணைப்புகளைப் பிடிக்கும். கூட்டம் மிகுந்ததென்று ஐந்தாம் நகலைச் சேர்த்தால் எல்லை கடந்துவிடும், இணைப்புகள் மறுக்கப்படும். உதவிக்கு வந்த நகலே இடரைத் தோற்றுவிக்கும். ஆகவே நகல்களின் எண்ணிக்கையையும் தரவுத்தளத்தின் எல்லையையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

தரவுத்தளத்தையும் நகலெடுக்கலாமே என்று தோன்றலாம். எடுக்கலாம், ஆனால் இரு நகல்களிலும் தனித்தனியே எழுதினால், ஒரே மாணவருக்கு ஒன்றில் ஒரு மதிப்பெண்ணும் மற்றொன்றில் வேறு மதிப்பெண்ணும் பதிவாகக்கூடும். தாமதமாக வரும் விடையைப் பொறுத்துக்கொள்ளலாம். முரண்பட்ட விடையை எவ்வாறு ஏற்பது? இதனால் மூலத் தரவுத்தளம் ஒன்றில் மட்டும் எழுதி, அதனைப் பின்பற்றும் நகல்களிலிருந்து படிக்கும் முறை பரவலாகக் கையாளப்படுகிறது.

தமிழ் விக்கிப்பீடியாவின் சான்று

2003ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட தமிழ் விக்கிப்பீடியா இம்முறையில் இயங்கும் சேவைகளுள் ஒன்று. சமயநல்லூரில் ஒருவர் ஒரு கட்டுரையைத் திறக்கும்போது, அதன் ஆயத்தப் படி வாசகருக்கு அருகிலுள்ள தேக்க மையத்தில் இருந்தால் அங்கிருந்தே வந்துவிடும். ஆசிய வாசகர்களுக்கென 2018 முதல் சிங்கப்பூரில் அத்தகைய மையம் ஒன்று இயங்குகிறது. அங்கு இல்லாத பக்கமாயின், அமெரிக்காவின் வர்ஜீனியா, டெக்சாஸ் மாநிலங்களிலுள்ள முதன்மை மையங்களை வினா சென்றடையும். வாடகை மேகத்தில் அன்றி, விக்கிமீடியா அறக்கட்டளை தன் சொந்த வழங்கிகளிலேயே இக்கொத்தை நடத்துகிறது.

அங்கே மீடியாவிக்கி என்னும் செயலியின் பல நகல்கள் இயங்குகின்றன. திருத்தங்கள் மூலத் தரவுத்தளத்தில் எழுதப்படுகின்றன. வாசிப்போரின் வினாக்களை நகல் தரவுத்தளங்கள் ஏற்கின்றன. நகல் சற்றுப் பின்தங்கினால், திருத்தியவர் தம் திருத்தத்தைத் தாமே காண இயலாது திகைப்பார். எனவே அவருடைய மாற்றம் வரை நகல் வந்துவிட்டதா என்று பார்த்த பின்னரே விடை தரும் ஏற்பாடு மீடியாவிக்கியில் உள்ளது.

ஒரு மையம் முழுவதும் செயலிழந்தால் என்னாகும்? அதனை அறிய, 2016ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் விக்கிமீடியா தன் பணியை வர்ஜீனியாவிலிருந்து டெக்சாசுக்கு மாற்றிப் பார்த்தது. மாற்றம் நிகழும்போது சிறிது நேரம் வாசிக்க இயலும், திருத்த இயலாது. இரு மையங்களிலும் ஒரே நேரத்தில் எழுதி முரண்பாட்டை விளைவிப்பதினும், எழுதுவதைச் சற்றே நிறுத்துவது மேல் என்பது அம்முடிவின் உட்பொருள். அப்பயிற்சி பின்னரும் தொடர்கிறது.

ஓர் அமைவுப் பிழை

நகல் இருப்பதனாலேயே தரவு காக்கப்பட்டதாகக் கருதலாகாது. 2017ஆம் ஆண்டு சனவரி 31 அன்று, நிரல்களைச் சேமிக்கும் கிட்லேப் நிறுவனத்தில் தரவுத்தள நகல் பின்தங்கிவிட்டது. அதனை அழித்துப் புதிதாக எடுக்க முயன்ற பொறியாளர், நகல் என்று கருதி மூலத்திலேயே அழிப்புக் கட்டளையை இட்டுவிட்டார். நொடிகளில் ஏறத்தாழ 300 ஜிபி தரவு மறைந்தது.

காப்புப்படியைத் தேடியபோது, அது இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. தரவுத்தளம் 9.6ஆம் பதிப்பு, காப்புப்படி எடுக்கும் கருவியோ 9.2ஆம் பதிப்பு. பதிப்புகள் பொருந்தாமையால் காப்புப்பணி நாள்தோறும் தோல்வியுற்றிருந்தது. தோல்வியை அறிவிக்கும் மின்னஞ்சல்களும் ஏற்கப்படாமல் தள்ளப்பட்டிருந்தன. நற்பேறாக, அதே பொறியாளர் வேறொரு சோதனைக்காக ஆறு மணி நேரம் முன்பு எடுத்திருந்த படி ஒன்று கிடைத்தது. பயனரின் நிரல்கள் தப்பின. இடைப்பட்ட ஆறு மணி நேரத்தில் தரவுத்தளத்தில் பதிவானவை மீளவில்லை. நடந்ததை மறைக்காமல் அந்நிறுவனம் உலகறிய வெளியிட்டது. அதனால் பிறரும் பாடம் கற்றனர்.

மூலத்தில் இட்ட அழிப்புக் கட்டளையை நகலும் பணிவுடன் பின்பற்றும். ஆகவே நகல் வேறு, காப்புப்படி வேறு. மீட்டெடுத்துப் பார்க்காத காப்புப்படி வெறும் நம்பிக்கையே.

நிறைவாக

மழைக்கு முன்பே கரையைச் சுற்றி நடந்து, மண் அரித்த இடத்தை அடைப்பது ஊரின் வழக்கம். கூட்டம் வருமுன் எல்லையைக் கணக்கிடுதல், பழுது வருமுன் மாற்றிப் பார்த்தல், இழப்பு வருமுன் மீட்டுப் பார்த்தல் ஆகியவை கணினிக் கொத்தைக் காப்போரின் கரைப்பணிகள். அவற்றைச் செய்வோர் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. தேர்வு முடிவு நாளில் ஒரு மாணவியின் மதிப்பெண் பிழையின்றித் திரையில் தோன்றுவதே அவர்கள் உழைப்பின் பயன்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊர்க் கண்மாயின் மடை, கலுங்கு, வாய்க்கால் ஆகியவற்றைப் படமாக வரைந்து, கணினிக் கொத்தின் உறுப்புகளோடு ஒப்பிடுக.
2. நீரைப் பங்கிட்டால் குறையும். தரவை நகலெடுத்தால் குறையாது. கண்மாய் உவமை பொருந்தாத இத்தகைய வேறு இடங்களைக் கண்டு வகுப்பறையில் உரையாடுக.
3. 'நகல் வேறு, காப்புப்படி வேறு' என்னும் கருத்தை உங்கள் அலைபேசியில் உள்ள படங்களைச் சான்றாகக் கொண்டு விளக்குக.