முறை தவறாச் சிறுபணி

ஒருவர் ஒரு வேளையில் ஒரு வேலையையே செய்தல் கூடும். ஆயினும், அவ்வேலைக்கு இடையே, குறித்த கால அளவிற் செய்தே தீரவேண்டிய சிறுபணிகளும் உள. அவற்றை மறந்தால் பெரும்பணியும் பாழாகும்.

திண்டுக்கல் நகரைச் சார்ந்த பேகம்பூர், தோல் பதனிடுந் தொழில் நெடுங்காலமாக நடைபெற்றுவந்த பகுதியாகும். பதனிடுவோர் தோல்களைச் சுண்ணாம்புக் குழியில் ஊறவைப்பர். அவை ஒரே சீராக ஊறும்பொருட்டு அவ்வப்போது புரட்டிவிடல் வேண்டும். தொழிலாளி ஒருவர் வேறொரு தோலிற் சதையைச் செதுக்கிக்கொண்டிருப்பினும், வேளை வந்ததும் கத்தியைக் கீழே வைப்பார். குழியருகே சென்று தோல்களைப் புரட்டுவார். மீண்டுவந்து விட்ட இடத்திலிருந்து செதுக்கத் தொடங்குவார். இம்முறை இந்நாளிற் கணிப்பொறிக்குள்ளும் கையாளப்படுகின்றது.

மின்னளவி, இணைய இணைப்புப் பெட்டி முதலிய கருவிகளுள் சிறு கணிப்பொறி ஒன்று பொதிந்துள்ளது. மின்னோட்டம் வந்தவுடன் அதன் இயங்குதளம் தானே எழுந்துவிடுவதில்லை. முதலில் ஒரு சிறு நிரல் விழித்தெழுகின்றது. அது நினைவகத்தை ஆயத்தம் செய்து, இயங்குதளத்தைத் தேடியெடுத்து அதில் ஏற்றி, ஆட்சியை அதனிடம் ஒப்படைத்து விலகுகின்றது. இதனைத் துவக்கி என்றும் பூட்லோடர் என்றும் வழங்குவர். துவக்கிகளுள் பெயர் பெற்றது யூ-பூட் என்பது. ஜெர்மனி நாட்டு வோல்ப்காங் டெங்க் என்பார் இதனை உருவாக்கி வளர்த்தார். 2002ஆம் ஆண்டு முதல் இஃது இப்பெயரால் வழங்கிவருகின்றது. இதன் நிரல் எவரும் படிக்கவும் திருத்தவும் திறந்து வைக்கப்பட்டுள்ளது.

துவக்கி தன் கடமையைச் செய்யும் சிறுபொழுதிலும் அதற்கு இடைப்பணிகள் உண்டு. விளக்கொன்றைச் சிமிட்டுவது ஒன்று. காவல் கடிகாரத்திற்குக் குறிப்பு அனுப்புவது மற்றொன்று. காவல் கடிகாரம் யாது? கணிப்பொறி செயலற்று நின்றுவிட்டதா என்று நோக்கும் தனிக்கருவி அது. "நலமே உள்ளேன்" என்னுங் குறிப்புக் குறித்த காலத்துள் வாராதொழியின், அது கணிப்பொறியை மீண்டும் முதலிலிருந்து தொடங்கச் செய்துவிடும். ஆளில்லாத இடத்திற் கருவி உறைந்து நிற்குமாயின், அதனை எழுப்ப வேறு யார் உளர்?

ஆயின், துவக்கிக்கு இரண்டாவது கை இல்லை. பல பணிகளுக்குக் காலத்தைப் பங்கிட்டுத் தரும் இயங்குதளமும் அப்பொழுது எழவில்லை. இக்குறையைப் போக்க, 2022ஆம் ஆண்டில் ஸ்டீபன் ரோசே என்னும் பொறியாளர் யூ-பூட்டில் ஓர் ஏற்பாட்டை அமைத்தார். இடைப்பணிகள் யாவும், எத்துணைக் கால இடைவெளியில் நிகழவேண்டும் என்னுங் குறிப்புடன் ஒரு பட்டியலிற் சேர்க்கப்படும். முதற்பணி தன் போக்கிற் பல இடங்களில் சற்றே வழிவிடும். அப்பொழுது பட்டியல் நோக்கப்படும்; வேளை வந்த பணி நிகழும்; பின்னர் முதற்பணி தொடரும். இங்கு எவரும் எவரையும் வலிந்து நிறுத்துவதில்லை. முதற்பணி வழிவிட மறுத்தால் இடைப்பணி நிகழாது. இடைப்பணி நீண்டால் முதற்பணி தளரும். வெளியிலிருந்து வரும் எழுத்துக் குறிகளை உரிய நேரத்தில் வாங்கவும் இயலாமற் போகும்.

ஆதலின், ஒவ்வோர் இடைப்பணிக்கும் கால எல்லை வகுக்கப்பட்டது. அவ்வெல்லை விநாடியின் மிகச் சிறு கூறேயாம். எல்லை கடந்த பணியைப் பட்டியலினின்று நீக்கிவிடுவதே முதலில் வகுத்த விதி. விதி நேரியதாகவே தோன்றியது, விளைவு வேறாயிற்று. சில கருவிகளிற் காவல் கடிகாரத்திற்குச் செல்லும் வழி மிக மெதுவானது. குறிப்பு அனுப்பும் பணி எல்லை கடந்தது; உடனே நீக்கப்பட்டது. குறிப்பு நின்றதும் காவல் கடிகாரம் தன் கடமையைச் செய்தது. நன்றாக இயங்கிக்கொண்டிருந்த கருவி மீண்டும் முதலிலிருந்து தொடங்கலாயிற்று! பின்னர் விதி திருத்தப்பட்டது. எல்லை கடந்த பணியை எச்சரிக்கையோடு விடுத்து, தொடர்ந்து இயங்கவிடுவதே இப்பொழுது உள்ள முறை.

சிறிது தாமதித்தான் என்று காவலனை வேலையினின்று நீக்கிய ஊர், அன்றிரவே காவலின்றி நிற்கும். தாமதத்தைக் குறித்துக்கொள்ளல் வேண்டும். அதன் காரணத்தைத் தேடல் வேண்டும். அதுவரையில் காவல் நில்லாதிருத்தல் வேண்டும். விதி வகுப்போர், ஒரு பணி எவ்வளவு நேரம் கொள்கின்றது என்பதை மட்டும் நோக்குதல் போதாது. அது நின்றால் எதனை இழப்போம் என்பதையும் எண்ணிப்பார்த்தல் வேண்டும்.