செயலியை மட்டும் மாற்றலாமா, தளத்தையே மாற்றலாமா?

ஃபேரர் பார்க்கிலிருந்து சிராங்கூன் சாலை வழியே நடந்தால் ஏறத்தாழ இருபது நிமிடத்தில் சிம் லிம் ஸ்குவேர் வந்துவிடும். அதற்குள் தம்பி ஒரே கேள்வியைப் பத்து முறை கேட்டுவிட்டான்: "மொத்தமா மாத்திடலாமாண்ணே?" தேசிய சேவைப் படித்தொகையில் அவன் மிச்சம் பிடித்த பணம். எனவே கடைக்குப் போகுமுன் தேக்கா உணவங்காடியில் அமர்ந்து கணக்குப் போட்டோம். நண்பர்களே, உங்களுக்கும் அது பயன்படலாம்.

அவனிடம் இருப்பது 2017ஆம் ஆண்டின் ரைசன் 5 1600 செயலி, பி350 தாய்ப்பலகை, 16 கிகாபைட் டிடிஆர்4 நினைவகம். புதிய விளையாட்டுகள் திணறுகின்றன.

திணறுவது எது என்பதை வீட்டிலேயே சோதித்திருந்தோம். விளையாட்டின் திரைத் துல்லியத்தைக் குறைத்துப் பாருங்கள். நொடிக்கு வரும் படங்கள் கூடினால் குறை வரைகலை அட்டையில். செயலியை மாற்றிப் பயனில்லை. கூடாவிட்டால் பெரும்பாலும் செயலிதான் காரணம். தம்பிக்குக் கூடவில்லை.

அடுத்தது செயலி அமரும் சாக்கெட். அவனுடைய ஏஎம்4 சாக்கெட்டில் 2017இன் முதல் ரைசனும் பொருந்தும், 2022இல் வந்த ரைசன் 5 5600உம் பொருந்தும். இன்டெல்லில் இந்த வசதி குறைவு. 2017இல் வந்த எட்டாம் தலைமுறைக்கும் அதே 1151 தொடுமுனைகள்தாம். ஆனால் முந்தைய பலகைகளில் அது இயங்காது. எண்ணிக்கையை மட்டும் நம்பி வாங்கியவர்கள் பாவம்!

2022இல் வந்த ஏஎம்5க்குத் தாவினால் என்ன ஆகும்? அது டிடிஆர்5 நினைவகத்தை மட்டுமே ஏற்கும். ஆகவே செயலி, பலகை, நினைவகம் மூன்றையும் சேர்த்தே வாங்க வேண்டும். 2025இன் பிற்பகுதியில் நினைவக விலை கடுமையாக ஏறியது வேறு. அவன் ஆசை அந்த இடத்தில் சற்றுத் தணிந்தது.

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. விண்டோஸ் 11இன் ஆதரவுப் பட்டியலில் முதல் தலைமுறை ரைசன் இல்லை, 5600 இருக்கிறது. இதற்காகவே செயலியை மாற்றலாம் என்பேன். ஏழாம் தலைமுறை இன்டெல் வைத்திருந்தால் என் தீர்ப்பு வேறு: தளத்தையே மாற்றுங்கள்.

5600ஐ மட்டும் வாங்கினோம். ஒரு வேலை பாக்கி. பழைய செயலியைக் கழற்றுமுன் பலகையின் பயாஸைப் புதுப்பிக்க வேண்டும். இல்லாவிட்டால் புதிய செயலியைப் பலகை அடையாளம் காணாது, திரை இருண்டே கிடக்கும். பலகைத் தயாரிப்பாளரின் பட்டியலில் உங்கள் செயலி இருக்கிறதா என்பதையும் முன்பே பாருங்கள்.

புதுப்பிக்கும்போது மின்சாரம் போனால் பலகையே பழுதாகலாம். அன்றிரவு அந்தச் சில நிமிடங்களும் அம்மா இஸ்திரிப்பெட்டியைச் செருகிவிடாதபடி தம்பி சுவரோரம் காவல் நின்றான்.