நிற்கிற வண்டி

சிரஞ்சீவி மருமானுக்கு மாமா அநேக ஆசீர்வாதம் செய்து எழுதுவது.  

சென்ற வெள்ளிக்கிழமை திருவான்மியூர் மருந்தீசுவரர் தரிசனம் முடிந்ததும், அப்படியே அக்காவையும் பார்த்துவிட்டு வரலாமென்று உங்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். வாசலில் வாதாமரத்தின் கீழே உன் கார் நின்றுகொண்டிருந்தது. நீ பம்பாய்க் கடலில் எண்ணெய் எடுக்கும் மேடைக்குப் புறப்பட்டுப் போய் இன்னும் மூன்று வாரம் நிறையவில்லை. அதற்குள் பானெட்டின்மேல் பூனைக் காலடிகள் வரிசையாகப் பதிந்து, கூரையில் காக்கை எச்சம் சுண்ணாம்பாக உறைந்து, முன்கண்ணாடிப் புழுதியில் தெருக் குழந்தை ஒன்று இனிஷியலோடு தன் பெயரை எழுதிவைத்துவிட்டுப் போகும்படியான ஸ்திதிக்கு அது வந்திருந்தது. பின்பக்கத்து டயர் ஒன்று தரையோடு சப்பையாக அமுங்கியிருந்தது. உங்கள் வீட்டுக் காவற்காரர் ஓடிவந்து, "ஒண்ணும் கவலைப்படாதீங்க ஐயா, தெனம் காலையில அஞ்சு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி உறும விட்டுட்டுத்தான் டீ குடிக்கவே போவேன்" என்று பெருமையோடு சொன்னார். அவருடைய விசுவாசத்தில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் வண்டிக்கு நேர்ந்திருக்கும் தீங்குகளில் பெரியது அந்த ஐந்து நிமிஷந்தான் என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆகையால் உனக்கு எழுதுகிறேன்.

பெட்ரோல் எரியும்போது புகை உண்டாவது எல்லோருக்கும் தெரியும். தண்ணீரும் உண்டாகிறது என்பது பலருக்குத் தெரியாது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளிப்படுகிறது. வண்டி அரைமணி நேரம் ஓடிச் சூடேறினால் அந்த ஆவி சைலன்சர் வழியே வெளியேறிவிடும். ஐந்து நிமிஷத்தில் நிறுத்திவிட்டால் குளிர்ந்த இரும்புக்குள்ளேயே நீராக இறங்கித் தங்கி, நாளடைவில் சைலன்சரை உள்ளிருந்தே துருவாக அரித்துவிடும். குளிர்ந்த இஞ்சினில் சரியாக எரியாத பெட்ரோல் வேறு, சிலிண்டரின் சுவரை அலம்பிக்கொண்டு ஆயிலில் போய்க் கலக்கிறது. செல்ஃப் எடுக்கும்போது பாட்டரியிலிருந்து நூறு ஆம்பியருக்கு மேல் பாய்கிறதே, அந்தக் கடனை அடைப்பதற்கு வேண்டுமானால் ஐந்து நிமிஷ உறுமல் போதும். முந்தின நாள் முழுவதும் வண்டி நின்றபடியே தின்று தீர்த்ததை ஈடுகட்ட அது போதும் என்று நம்பிவிட முடியாது. ஆகவே, வண்டியை ஓட்டுவதானால் ஒழுங்காக ஓட்ட வேண்டும். நிறுத்துவதானால் ஒழுங்காக நிறுத்த வேண்டும். இரண்டுக்கும் நடுவிலே செய்கிற உபசாரம் அபசாரத்தில்தான் முடியும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

இதை நான் புத்தகம் படித்துச் சொல்லவில்லை. 1987-ஆம் வருஷம் ஐப்பசி மாதத்தில் உன் மாமியும் நானும் காசி யாத்திரை புறப்பட்டபோது, என் அம்பாஸடரை வாசலில் நிறுத்தி, களவு போய்விடக் கூடாதே என்ற ஜாக்கிரதையில் ஹேண்ட் பிரேக்கைப் பலங்கொண்ட மட்டும் இழுத்துவிட்டுப் போனேன். நாற்பது நாள் கழித்து, அடைமழையெல்லாம் ஓய்ந்த பின் திரும்பிவந்து வண்டியை எடுத்தால், இஞ்சின் முக்குகிறது, சக்கரம் அசையவில்லை. மழையில் ஊறின பிரேக் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. மெக்கானிக் வந்து சுத்தியால் டிரம்மைச் சுற்றிச் சுற்றித் தட்டிக் கழற்றினபோது, லைனிங் ஷூவை விட்டுப் பெயர்ந்து டிரம்மோடு கையில் வந்தது. அதோடு போயிற்றா என்றால், ஏர் ஃபில்டர் ஓரமாக ஓர் எலிக்கூடு. தேங்காய் நாருக்கு நடுவே மெத்தையாக, கொடியிலிருந்து காணாமற்போன உன் மாமியின் பச்சை ரவிக்கையில் பாதி! மற்றப் பாதியைப் பற்றி இன்றளவும் என்னிடம் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

முட்டுக்கட்டை என்ற சொல்லை இப்போது பிறர் காரியத்தைக் கெடுப்பதற்குத்தான் உபயோகிக்கிறோம். தேரோட்டத்தில் அது கௌரவமான வஸ்து. மலைபோல அசைந்து வரும் தேரைச் சக்கரத்தடியில் ஒரு மரக்கட்டையைச் சொருகி நிறுத்துகிறவர்கள் நம்மவர்கள். ஆண்டில் ஒரு நாள் ஓடி மற்ற நாளெல்லாம் நிலையில் நிற்கிற தேருக்கு எது போதுமோ அதுவே உன் காருக்கும் போதும். சமதரையில் நிறுத்தி, முதல் கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இறக்கிவிட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு கட்டையை வை. கடற்காற்றில் உப்பு கலந்திருக்கும் திருவான்மியூரில் இது மிகவும் அவசியம். திரும்பிவந்து ஓட்டும்போது முதல் இரண்டு மூன்று பிரேக்குக்குக் கரகரவென்று சப்தம் வந்தால் பயப்படாதே; டிஸ்க்கின்மேல் படிந்த மெல்லிய துரு அது, தானே தேய்ந்து போய்விடும்.

இனி பாட்டரி சமாசாரத்துக்கு வருகிறேன். இதைச் சற்று நிதானமாகப் படி. என் அம்பாஸடர் தூங்கினால் தூங்கியதுதான். உன் வண்டியோ கண்ணை மூடிக்கொண்டு விழித்திருக்கிறது. களவுக்குக் காவலிருக்கும் அலாரமும், உன் சாவி எப்போது கூப்பிடும் என்று காதைத் தீட்டிக்கொண்டிருக்கும் ரிஸீவரும், கடிகாரமும், கம்ப்யூட்டர் பெட்டியின் ஞாபகசக்தியும் இரவும் பகலும் துளித்துளியாக மின்சாரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கின்றன. அந்தத் துளி 30 மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொண்டாலும், நீ கடலில் இருக்கிற 28 நாளில் 20 ஆம்பியர்-மணி போய்விடும். சிறிய கார்களின் பாட்டரி பெரும்பாலும் 35 ஆம்பியர்-மணிதான். 50 மில்லி ஆம்பியர் வரை குற்றமில்லை என்று மெக்கானிக்குகள் சொல்வார்கள். அந்தக் கணக்கில் பாட்டரியே ஏறக்குறையக் காலி. நம் ஊர் வெயிலில் பாட்டரி தானாக இழப்பது வேறு. சூடு 10 டிகிரி கூடினால் அந்த இழப்பு ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. அப்படி இறங்கிப்போன பாட்டரியைக் கவனியாமல் விட்டால் ஈயத்தகடுகளின்மேல் ஸல்பேட் படிந்து கெட்டிப்படும். பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் பழைய தெம்பு வராது.

பரிகாரம் சுலபம். புறப்படுகிற அன்று பானெட்டைத் திறந்து, 10-ஆம் நம்பர் ஸ்பானரால் கறுப்பு டெர்மினலைக் கழற்றித் துணி சுற்றி ஒதுக்கிவை. கழற்றும்போது கறுப்பு முதலில். மாட்டும்போது கறுப்பு கடைசியில். கறுப்பு மாட்டியிருக்கும்போது சிவப்பில் கைவைத்து, ஸ்பானர் பாடியில் பட்டுவிட்டால் தீப்பொறி பறக்கும். கழற்றியபின் சாவியின் பொத்தான் வேலை செய்யாது; கதவைச் சாவி போட்டுத்தான் பூட்ட வேண்டும். அலாரமும் மௌனம் என்பதை நினைவில் வை. பல வண்டிகளில் டிக்கி பாட்டரி இல்லாமல் திறக்காது; ஆகையால் அந்த ஸ்பானரை டிக்கியில் போட்டுவிட்டு அதைத் திறக்க ஸ்பானரைத் தேடுகிற புத்திசாலித்தனத்தைச் செய்யாதே. (செய்தவன் யார் என்று கேட்காதே.) ஐந்நூறு, அறுநூறு ரூபாய்க்கு ஒரு மல்டிமீட்டர் வாங்கிக்கொள்: ஓய்ந்திருக்கும் பாட்டரி 12.6 வோல்ட் காட்டினால் நிறைவு, 12.2 என்றால் பாதி, 12-க்குக் கீழே போனால் சார்ஜருக்கு அனுப்ப வேண்டியதுதான்.

கழற்றிவைக்க மனமில்லையானால், பத்து நாளைக்கு ஒரு தரம் யாராவது வண்டியை அரைமணி நேரம் மெய்யாகவே சாலையில் ஓட்ட வேண்டும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காடு வரை போய்த் திரும்பினால் இஞ்சினும் சூடேறும், டயரும் உருளும், ஏ.ஸி.யையும் பத்து நிமிஷம் போட்டுவைத்தால் அதன் கம்ப்ரஸரின் சீல்கள் எண்ணெய் கண்டு காயாமல் இருக்கும். யார் ஓட்டுவது என்பாய். உன் அம்மாவிடம் லைசென்ஸ் இருக்கிறது. நீ சம்பாதிக்கத் தொடங்கிய நாள்முதல் அவள் ஸ்டியரிங்கைத் தொடவில்லை என்பதையும், உன் அப்பா இருந்தபோது அவள்தான் அவரை ஆபீஸில் கொண்டுபோய் விடுவாள் என்பதையும் நீ மறந்திருக்கலாம், நான் மறக்கவில்லை. பக்கத்தில் நான் உட்காருகிறேன்.

டயரைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஓடாவிட்டாலும் மாதத்துக்கு ஒன்றிரண்டு பாயிண்ட் காற்று இறங்கும். போவதற்கு முன் வழக்கமான அளவுக்குமேல் இரண்டு மூன்று பாயிண்ட் கூட்டி அடித்துவை. டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் உச்ச அளவைத் தாண்டாதே. சப்பையாகக் கிடக்கும் அந்தப் பின் டயருக்குக் காற்று மட்டும் பரிகாரமல்ல. ஆணி ஏறியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லியிருக்கிறேன். பெட்ரோல் டாங்க்கை நிரப்பி நிறுத்து. இப்போது வரும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால். அது ஈரத்தை இழுக்கிற சுபாவமுடையது. டாங்க்கில் வெற்றிடம் குறைந்தால் ஈரக்காற்றுக்கும் இடம் குறையும்.

எலிக்கு இன்றுவரை நிச்சயமான மருந்து நான் கண்டதில்லை. புகையிலையை முடிச்சுக் கட்டிப் பானெட்டுக்குள் தொங்கவிடுகிறார்கள், அந்துருண்டை போடுகிறார்கள். எங்கள் தெரு எலிகள் இரண்டுக்கும் பழகிவிட்டன. உன் பின்ஸீட்டின் இடுக்கில் முறுக்குத் தூளும் கடலைமிட்டாய்க் காகிதமும் கிடப்பதைக் கண்ணாடி வழியே பார்த்தேன். அவற்றைப் பெருக்கித் தள்ளுவதுதான் முதல் வைத்தியம். நீ எத்தனை அவசரத்தில் வந்திறங்கினாலும், சாவியைத் திருகுவதற்கு முன் பானெட்டைத் தூக்கி ஒரு பார்வை பார். கடித்த ஒயரோடு ஸ்டார்ட் செய்தால் ஆயிரத்தில் முடிகிற செலவு பல ஆயிரமாகிவிடும்.

வாதாமரத்து நிழலை நான் வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் அதன் அகன்ற இலைகள் முன்கண்ணாடியின் அடியிலுள்ள பள்ளத்தில் சேர்ந்து தண்ணீர்ப் போக்கை அடைத்துக்கொண்டால், மழைநீர் வழி தேடி வண்டிக்குள் உன் காலடியில் வந்து நிற்கும். உறை போடுவதானால் காற்றுப் புகும் துணி உறை போடு, அதுவும் வண்டியை அலம்பித் துடைத்தபின். புழுதியின்மேல் உறையைப் போடுவது உப்புக் காகிதத்தால் பெயிண்டைத் தேய்ப்பதற்குச் சமானம். பிளாஸ்டிக் தார்ப்பாயோ உள்ளே புழுங்கின ஈரத்தை வெளியே விடாது. காக்கை எச்சத்தை நானே ஈரத்துணியால் ஊறவைத்து எடுத்துவிட்டேன். அடியில் பெயிண்ட் சற்று மங்கித்தான் இருக்கிறது.

எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை ஐப்பசி, கார்த்திகைதான். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் இந்த நகரத்தில் எத்தனை கார்கள் நின்ற இடத்திலேயே மூழ்கின என்பதை நீயே கண்டிருக்கிறாய். வேளச்சேரிக்காரர்கள் மழை எச்சரிக்கை வந்ததும் மேம்பாலத்தின்மேல் கார்களை வரிசையாகக் கொண்டுபோய் நிறுத்தியதைப் பத்திரிகைகள் வேடிக்கையாக எழுதின. அவர்கள் செய்ததே விவேகம். நீ கடல் நடுவே இருக்கையில் இங்கே புயல் அறிவிப்பு வந்தால், வண்டியை எந்த மேட்டுக்கு, யார் கொண்டுபோவது என்பதை இப்போதே தீர்மானித்துவிடு. கறுப்பு டெர்மினலைக் கழற்றியிருந்தால், அதை மாட்டத் தெரிந்தவராகவும் அவர் இருக்க வேண்டும். ஒருவேளை தண்ணீர் ஏறியே விட்டால், வடிந்தபின் "ஓடுகிறதா பார்ப்போம்" என்று யாரும் சாவியைத் திருகக் கூடாது. காற்றை நசுக்குகிற பிஸ்டனால் தண்ணீரை நசுக்க முடியாது. சிலிண்டருக்குள் நீர் நின்றால் கனெக்டிங் ராட் வளைந்துவிடும். அப்படித் திருகினதால் வந்த சேதத்துக்குச் சாதாரண இன்ஷூரன்ஸில் பணம் தர மாட்டார்கள். இஞ்சின் பாதுகாப்பு என்று தனியாக ஓர் இணைப்பு உண்டு, அதைச் சேர்த்து எடு. பாலிசி புதுப்பிக்கிற தேதி நீ கடலில் இருக்கிற நாளில் விழாமல் பார்த்துக்கொள். காலாவதியாகி 90 நாள் தாண்டினால் இத்தனை வருஷமாகச் சேர்ந்த போனஸ் சலுகையும் போய்விடும்.

காவற்காரரைக் கடிந்துகொள்ளாதே. காலை உறுமலுக்குப் பதிலாக வாதா இலையைத் தினம் பொறுக்கிவிடும் வேலையை அவருக்குக் கொடுத்து, மாதம் முந்நூறு ரூபாய் தருவதாகச் சொல்லியிருக்கிறேன்; அந்தத் தொகை உன் கணக்கு. வரும் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு, சாலையில் கூட்டம் சேருமுன், அக்காவும் நானும் முட்டுக்காட்டுக்குப் புறப்படுவதாக உத்தேசம். அவளுக்கு இது இன்னும் தெரியாது. நீயும் டெலிபோனில் உளறிவிடாதே. கார்ச் சாவி என்னிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
அன்புள்ள மாமா